ராயப்பர் ஏறாத புதன்கிழமை

2022 ஜூலை 6, புதன்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். 5.05-க்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஏழு குடம் பிடித்தேன். 5.30-க்குக் காபி. 5.45 முதல் 6.10 வரை வேனில் இருந்த சாமான்களை எண்ணினேன். ஸ்பேனர் முப்பத்தொன்று, ஸ்க்ரூ டிரைவர் ஒன்பது, ஹேண்ட் பிரேக் கேபிள், புதியது, உறை பிரிக்காதது, ஒன்று. எல்லாம் சரியாக இருந்தன. 6.15-க்கு டைரியில் ஒரு வரி எழுதினேன்: "இன்று குறை சொல்ல இடமில்லை."

அந்த வரியை இன்றுவரை அடிக்கவில்லை. டைரியில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது என் கொள்கை. அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

மேலே சொன்ன பட்டியலில் ஒரு சாமானைக் கவனித்திருப்பீர்கள். அதைப் பற்றி ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தர வேண்டியிருக்கிறது. செஞ்சியைச் சுற்றி எந்தச் சாலையில் யார் வண்டி நின்றாலும் வேனை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே பழுது பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஊரில் எத்தனையோ பேருக்கு ஹேண்ட் பிரேக் கேபிள் மாற்றியிருக்கிறேன். என் வேனின் ஹேண்ட் பிரேக் மட்டும் ஆறு வருடமாகச் சரியாகப் பிடிக்காது. இரண்டு மாதத்துக்கு முன் புதுக் கேபிள் வாங்கிவிட்டேன். ஆனால் அதை மாட்டவில்லை. தினமும் காலையில் எண்ணி, 'இருக்கிறது' என்று டிக் செய்துகொண்டிருந்தேன். (எண்ணினால் வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி. இந்த வியாதிக்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை.)

ஹேண்ட் பிரேக்குக்குப் பதிலாக ஒரு கல் இருந்தது. மலையடிவாரத்தில் பொறுக்கியது, பெரிய தேங்காய் அளவு, ஒரு பக்கம் மட்டும் தட்டை. வேனை எங்கே நிறுத்தினாலும் இறங்கியவுடன் அதை எடுத்துப் பின்சக்கரத்துக்கு வைப்பேன். ஆறு வருடத்தில் ஒரு நாளும் அது கைவிட்டதில்லை. என் மனைவி பிலோமினா அதற்கு ராயப்பர் என்று பெயர் வைத்திருந்தாள். எங்கள் கோயில்களில் பேதுருவுக்குப் பழைய பெயர் அதுதான். பாறை என்று ஆண்டவரே பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் அவர்.

இனி அந்தப் புதன்கிழமையின் முக்கியத்துவம். கார்கள் வழியில் நின்றால் ஆள் அனுப்பும் சென்னை நிறுவனம் ஒன்று, எங்கள் பக்கத்துக்கு ஒரு மெக்கானிக்கைத் தேடிக்கொண்டிருந்தது. தேர்வானால் அவர்கள் அழைப்பெல்லாம் எனக்கு. தேர்வாகாவிட்டால் பாண்டிச்சேரியில் என் பழைய மேஸ்திரியின் ஷெட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டுக்கு வாரத்தில் ஒரு நாள் வரலாம். வேனுக்கு அழைப்பு வருவது அந்த அளவுக்குக் குறைந்துபோயிருந்தது. நாற்பத்தொன்பது வயதில் ஷெட்டில் பாய் விரித்துப் படுப்பதை நினைத்தால் எனக்கே பாவமாக இருந்தது. பிலோமினா பரணிலிருந்து என் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

அந்த நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருநாள் முழுக்க என்னோடு வந்து, நான் வேலை செய்யும் முறையைப் பார்ப்பார் என்று சொல்லி, முப்பத்தெட்டு விதிகள் கொண்ட பட்டியலை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். நான் அதைத் தமிழில் எழுதி, என் பங்குக்கு ஏழு விதிகளைச் சேர்த்து, நாற்பத்தைந்தாக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு வேன் கதவில் மாட்டினேன். ஆரஞ்சுக் கூம்புகள் நான்கு, ஒளிரும் முக்கோணம், தீயணைப்பு சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, பச்சை மேல்சட்டை எல்லாம் வாங்கினேன். சக்கரத்துக்கு வைக்க மஞ்சள் ரப்பர் கட்டைகள் இரண்டு. எண்ணெய் தரையில் சொட்டாமல் ஏந்தும் தட்டு மட்டும் வந்து சேர ஒரு வாரமாகும் என்றார்கள். கடைத்தெருவில் பாத்திரக்கடை ராமலிங்கம் அண்ணனிடம் போய் ஓர் எவர்சில்வர் தாம்பாளம் வாங்கிவிட்டேன்.

"இன்னா ஜோசப்பு, வீட்ல விசேஷமா?" என்றார்.

"இல்லண்ணே, கிரீஸ் எண்ணெய் ஏந்தறதுக்கு."

அவர் கையிலிருந்த தாம்பாளத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாம்பாளத்துலயா?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய் மாலை, பட்டியலின் ஒன்பதாவது விதி கண்ணில் பட்டது. 'சக்கரத்துக்குக் கல், செங்கல், மரத்துண்டு வைத்தல் கூடாது.' உடனே ராயப்பரை வேனிலிருந்து இறக்கிவிட்டேன்.

"இன்னாங்க, அவரப் போயி கீழ எறக்கிட்டீங்க?" என்றாள் பிலோமினா.

"கல்லு வெக்கக் கூடாதுன்னு லிஸ்ட்ல போட்டிருக்குது."

"லிஸ்ட் எழுதனவங்க நம்ம வண்டியப் பாத்தாங்களா?"

"நாளைக்குத்தான் பாக்கப் போறாங்க."

"அப்ப நாளைக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கல்லைத் தூக்கிப் போய்த் தண்ணீர் டிரம் மூடிமேல் வைத்தாள். குரங்குகள் மூடியைத் திறந்து கை விட்டு அளையும் காலம் அது. ராயப்பருக்கு அன்று மாலையே வேறு வேலை கிடைத்துவிட்டது. நான்தான் வேலைக்காகக் காத்திருந்தேன்.

அதிகாரி காலை 9.00-க்குச் செஞ்சி பஸ் நிலையத்தில் வந்து இறங்கினார். சுபா மேடம், முப்பது வயதிருக்கும். கனமான பாதுகாப்புக் காலணி, தோளில் பை, கையில் டேப்லெட். என் பிளாஸ்டிக் உறைப் பட்டியலை முழுவதும் படித்தார்.

"முப்பத்தெட்டுதானே அனுப்பினோம்?"

"மிச்சம் ஏழு நம்முளுது மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "நான் எதுவும் சொல்ல மாட்டேன், எதுலயும் கை வைக்க மாட்டேன். இன்னைக்கு நான் இங்க இல்லன்னு நினைச்சுக்குங்க" என்றார். விதி என்று எதைச் சொன்னாலும் அப்படியே கடைப்பிடிக்கும் நான், இதையும் கடைப்பிடித்தேன்.

9.50-க்கு போன். தாம்பாளம் விற்ற அதே ராமலிங்கம் அண்ணன்.

"ஜோசப்பு, எங்கடா கீற? கார் நின்னுபோச்சுடா. தொண்டூர் ரோட்ல, பாறையாண்ட ஏறும்போது. சாவி போட்டா லைட்டு கூட எரியல. என் பையனுக்கு நிச்சயதார்த்தம்டா. பொண்ணு வூடு தொண்டூரு. சொந்தக்காரங்கள்லாம் முன்னாடியே வேன்ல போயிட்டாங்க. தட்டெல்லாம் எங்கிட்ட கீது. பன்னண்டு மணிக்கு ராகு காலம்!"

விளக்குகூட எரியவில்லை என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கும், தட்டிவிட்டால் போதும் என்றேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர், இரண்டு நிமிட வேலை.

10.20-க்குப் போய்ச் சேர்ந்தோம். ஏற்றத்தின் நடுவில் கார் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக ராமலிங்கம் அண்ணன் நடுச்சாலையில் ஒரு வேப்பங்கொப்பை ஒடித்துப் போட்டிருந்தார். எண்பதடி கீழே, சாலையோர வேப்பமர நிழலில், அவர் மனைவியும் அக்கா கோமளாவும் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் பதினோரு தட்டுகள்: பழம், பூ, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், புடவை, லட்டு, இன்னும் என்னென்னவோ. காருக்குள் வெந்துவிடும் என்று எல்லாவற்றையும் இறக்கி வைத்திருந்தார்கள்.

மற்ற நாளாக இருந்தால் 10.23-க்குக் கார் கிளம்பியிருக்கும். அன்று நான் முதல் வேலையாக வேப்பங்கொப்பை எடுத்து ஓரமாகப் போட்டேன். அது பட்டியலில் இல்லை. வேனைக் காருக்குப் பின்னால் நிறுத்தினேன். வேன் கூரையில் புதிதாகப் பொருத்திய எச்சரிக்கை விளக்கு பேட்டரியைக் குடித்துவிடும் என்பதால் எஞ்சினை ஓடவிட்டேன். எஞ்சின் ஓடினால் கியரில் நிறுத்த முடியாது. நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பழக்கத்தில் கை இருக்கைக்குப் பின்னால் ராயப்பரைத் தேடியது. அங்கே முதலுதவிப் பெட்டி இருந்தது. மஞ்சள் கட்டைகள் இரண்டையும் எடுத்துப் போய் அழகாகக் காரின் சக்கரங்களுக்கு வைத்தேன். விதி 4, டிக்.

கூம்புகளைப் பத்தடிக்கு ஒன்றாக டேப் வைத்து அளந்து வைத்தேன். மூன்றாவது கூம்பு அரையடி தள்ளிப்போயிற்று. மறுபடி அளந்தேன்.

"இன்னாடா பண்ற? மனை பிரிக்கிறியா?" என்றார் ராமலிங்கம் அண்ணன்.

"சேஃப்டிண்ணே."

"டேய், டெர்மினலைத் தட்டி வுட்டாப் போதும்னு போன்ல நீதானடா சொன்ன?"

"சொன்னேண்ணே. ஆனா அது நாப்பத்தி மூணாவதா வருது."

முக்கோணம், சிலிண்டர், கையுறை. பிறகு வேலையில் வரக்கூடிய ஆபத்துகளை எழுதும் படிவம். ஆறு நிமிடத்தில் முடித்திருக்கலாம். நான் 'வானிலை' என்ற இடத்தில் நாலு வரி எழுதினேன். காருக்கு அடியில் எண்ணெய் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. இருந்தாலும் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொண்டுபோய் எஞ்சினுக்கு நேர்கீழே தள்ளினேன். அண்ணனின் முகம் போன போக்கு எனக்கு அப்போது புரியவில்லை. தன் கடைச் சரக்கைத் தார் ரோட்டில் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை என்று பிறகுதான் சொன்னார்.

10.55. விதி 41, இது நான் சேர்த்தது. 'வாடிக்கையாளர்களை எந்த வண்டிக்கும் முன்னாலும் பின்னாலும் இல்லாத இடத்தில் உட்கார வைத்தல்.' வேப்பமரம் வேனுக்கு நேர்பின்னால் இருந்தது.

"அக்கா, எழுந்து அந்தப் பாறைமேல போய் உக்காருங்க" என்றேன்.

கோமளாக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு, நானா? அந்த வெயில்லயா? பட்டுப்பொடவையோட பாறைமேல உக்கார நான் என்னா உடும்பா?"

"வண்டிக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாதுக்கா."

"வண்டி நின்னுனு தான கீது?"

"ரூல்ஸ்க்கா."

"தம்பி, பன்னண்டு மணிக்கு மேல தட்டு மாத்தனா பொண்ணு வூட்டுக்காரங்க மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. ஒன் ரூல்ஸா வந்து கல்யாணம் பண்ணி வெக்கும்?"

இருந்தாலும் எழுந்தார்கள். நான் விடவில்லை என்பதுதான் காரணம். தட்டு தட்டாகப் பாறைக்குச் சுமந்தோம். சுபா மேடம் அன்று அங்கே இல்லாதபடியால் உதவி செய்யவில்லை. ஆனால் கோமளாக்காவுக்குத் தன் குடையைக் கொடுத்ததை நான் பார்த்தேன். பத்து தட்டு போய்விட்டது. லட்டுத் தட்டு ஒன்றுதான் மரத்தடியில் பாக்கி. அதையும் எடுக்கப் போன என்னை ராமலிங்கம் அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார். "லட்டு எங்கயும் ஓடாது. நீ வந்து மொதல்ல பானெட்டைத் தெற!"

11.12-க்கு பானெட்டைத் திறந்தேன். கண்ணாடி போட்டிருந்தேன், வியர்வையில் அது பனி மூடிய மாதிரி ஆகிவிட்டது. எதிரே பேட்டரி இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் தடவிக்கொண்டிருந்தேன். நினைத்தபடியே டெர்மினல் கழன்று, பச்சை பூத்திருந்தது. சுரண்டி, மாட்டி, ஸ்பேனரைப் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போது, அன்று அங்கே இல்லாத சுபா மேடம் பேசினார்.

"சார், உங்க வண்டி..."

பாராட்டப் போகிறார் என்று நினைத்துவிட்டேன். "ஆமா மேடம், பழைய வண்டிதான். ஆனா மெயின்டெனன்ஸ் பக்கா" என்றேன், தலையை வெளியே எடுக்காமல்.

"சார், வண்டி போகுது!"

தலையைத் தூக்கினேன். பானெட்டில் இடித்தது. (தலைக்கவசம் விதி 17. இறுக்கமாக இருந்ததால் கழற்றி வைத்திருந்தேன்.) கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், அரைமணி நேரத்துக்கு மேலாக எஞ்சின் அதிர்ந்து அதிர்ந்து, பெயருக்குப் பிடித்திருந்த ஹேண்ட் பிரேக்கும் விட்டுவிட்டது. என் வேன் கூரை விளக்கு மினுக்க மினுக்க, ஆள் இல்லாமல், அவசரமே இல்லாமல் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன். நான் டேப் வைத்து அளந்த கூம்புகள் பத்தடிக்கு ஒன்றாக, ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. நான்கு முடிந்ததும் முக்கோணம். அது நசுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வேன் மெல்ல ஓரம் திரும்பி, வேப்பமர நிழலுக்குள் போய், லட்டுத் தட்டின்மேல் ஏறி, மரத்தில் 'டம்' என்று முட்டி நின்றது. எஞ்சின் அணைந்தது. கூரை விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது.

கோமளாக்கா பத்து நிமிடம் முன்புவரை உட்கார்ந்திருந்த இடம் அது. அவர் தன் புடவைக்குக் கீழே விரித்திருந்த செய்தித்தாள் பின்சக்கரத்துக்கு அடியில் கிடந்தது.

பாறைமேல் குடையோடு உட்கார்ந்திருந்த கோமளாக்கா அந்தச் செய்தித்தாளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுபா மேடம் ஓடிப்போய் ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டி வந்து என் வேனின் முன்சக்கரத்துக்கு வைத்தார். ஒன்பதாவது விதியை எழுதிய நிறுவனத்தின் அதிகாரி, இரண்டு கையாலும், கல்லை. ராமலிங்கம் அண்ணன் நான் தூக்கிப் போட்ட வேப்பங்கொப்பை எடுத்து வந்து மறுபடியும் நடுச்சாலையில் போட்டார்.

11.24-க்குச் சாவியைத் திருப்பினேன். கார் உடனே கிளம்பியது. ஆனால் யாரும் ஏறவில்லை.

"பத்து தட்டு" என்றார் அண்ணனின் மனைவி. "பத்து தட்டை எப்டி எடுத்துனு போறது? ஒத்தப்படையா இருக்க வேணாமா?"

"ஒண்ணைக் கார்லயே வுட்டுட்டு ஒம்பதாப் போயிடலாம்" என்றார் அண்ணன்.

"பதினொண்ணுன்னு அவங்களுக்குச் சொல்லியாச்சு. கொறஞ்சா அவங்க வூட்ல ஒவ்வொருத்தரும் ஒரு வருசத்துக்குப் பேசுவாங்க."

நான் காருக்கு அடியில் கையை விட்டுத் தாம்பாளத்தை வெளியே இழுத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் படாமல், சூரியனைப் போல மின்னியது.

"அண்ணே, ஒங்க கடைச் சரக்குதான்."

அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். வேட்டி நுனியால் ஒரு முறை துடைத்தார். பழத் தட்டிலிருந்து ஐந்து ஆப்பிள், பூத் தட்டிலிருந்து இரண்டு முழம், ஒரு கை வெற்றிலை. பதினொன்று சரியாகிவிட்டது. கார் புறப்படும்போது கோமளாக்கா கண்ணாடியை இறக்கினார். எனக்குக் கிடைக்கப் போகும் வசவுக்குத் தயாராக நின்றேன்.

"தம்பி, அந்த நாப்பத்தொண்ணாவது ரூல்ஸ அடிச்சுப்புடாத" என்றார்.

11.46-க்கு அவர்கள் தொண்டூர் போய்ச் சேர்ந்தார்கள். 11.53-க்குத் தட்டு மாற்றினார்கள். இந்த நேரங்களை அண்ணனிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டேன்.

வேனுக்குப் பின் கதவு ஒடுங்கியதோடு சரி. ஆனால் எனக்கு உள்ளே எல்லாம் ஒடுங்கிப்போயிருந்தது. சுபா மேடம் மரத்தடியில் நின்று டேப்லெட்டில் நீண்ட நேரம் எழுதினார். டிரங்குப் பெட்டி, பாண்டிச்சேரி ஷெட், பாய், எல்லாம் எனக்குக் கண்முன் வந்து போயின.

"உங்க ஹேண்ட் பிரேக் எத்தனை நாளா பிடிக்கல?"

பொய் சொல்ல வரவில்லை. தேதியும் டைரியில் இருந்தது. "ஆறு வருசம், மேடம்."

"மாத்தறதுக்குக் கேபிள் வாங்கலையா?"

இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உறையைப் பார்த்தார். அன்று முதல் முறையாகச் சிரித்தார். சிரிப்பு நிற்கச் சிறிது நேரமாயிற்று.

"இப்ப இருக்கற நிலைமையில நான் பாஸ் போட முடியாது" என்றார் பிறகு. "ஆனா அந்த அம்மா ரெண்டு பேரும் எங்க உக்காந்திருந்தாங்கன்னு நான் பார்த்தேன். அவங்கள எழுப்பினது நீங்க. எங்க லிஸ்ட்ல அது இல்ல. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குள்ள ஹேண்ட் பிரேக்கைச் சரி பண்ணி, வண்டியைச் சரிவுல நிறுத்தி, போட்டோ அனுப்புங்க. அதுக்கப்புறம்தான் ரிப்போர்ட் போடுவேன்."

மாலை வீட்டில் நடந்ததை நேரவாரியாகச் சொன்னேன். பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கல்லூரியிலிருந்து வந்த என் மகள் ஜெனிதான் சுருக்கமாக முடித்தாள்: "அப்ப நைனா, ஆறு வருசமா நம்ம வண்டிய ஓட்டனது நீ, நிறுத்தனது ராயப்பரு."

டிரங்குப் பெட்டி அந்த வாரமே பரணுக்குத் திரும்பிவிட்டது, அந்தத் தாம்பாளம்தான் திரும்பி வரவில்லை. ராமலிங்கம் அண்ணன் வீட்டு மருமகள் அதில்தான் இன்று எங்களுக்குக் காபி கொண்டு வருகிறாள். கோமளாக்கா ஒவ்வொரு முறையும் விருந்தாளிகளுக்கு அதன் பூர்வீகத்தைச் சொல்கிறார். வருடத்துக்கு வருடம் அதில் ஒரு சொட்டு எண்ணெய் கூடிக்கொண்டே போகிறது. எங்கள் வீட்டில் யார் எங்கே புறப்பட்டாலும், ஜெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாலும்கூட, "ராயப்பர் ஏறிட்டாரா?" என்று கேட்டுத்தான் அனுப்புகிறோம்.

மறுநாள், 2022 ஜூலை 7, வியாழக்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். தண்ணீர் பிடிக்கவில்லை, காபி குடிக்கவில்லை, சாமான்களை எண்ணவில்லை. முதல் வேலையாக உறையைப் பிரித்துக் கேபிளை மாட்டினேன். 6.20-க்கு வேனைத் தெருச்சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, போட்டோ எடுத்து அனுப்பினேன். 6.31-க்கு மேடத்தின் பதில் வந்தது: "நல்லா இருக்கு சார். அந்தக் கல்லை எடுத்துட்டு இன்னொண்ணு அனுப்புங்க."

திரும்பிப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு அடியில் ராயப்பர் இருந்தார். டிரம் மூடிமேலிருந்து அவரைத் தூக்கி வந்து வைத்தது யார் என்று கேட்கத் தேவையில்லை. குனிந்து, இரண்டு கையாலும் அவரை மெல்ல உருவினேன். வேன் ஓர் அங்குலமும் நகரவில்லை. நகர்ந்தது பிலோமினாதான். யாரும் சொல்லாமலே பதினைந்தடி தள்ளிப் போய், வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, "இப்ப எடுங்க போட்டோவ" என்றாள்.